செஷம் – ஆமர்ஷம் தொகுதிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு

லண்டன் மெட்ரோபாலிடன் லைனில் ஏறி உட்கார்ந்தால் ஹாரோ தாண்டியதும் வீடுகள் இடைவெளி விட்டு நிற்கத் தொடங்கும். அப்புறம் மரங்கள், பிறகு வயல், ஆங்காங்கே குதிரை. வரைபடத்தின் மேல் இடது மூலையில் லைன் முடிந்துபோகும் இரண்டு ஊர்கள்தான் செஷமும் ஆமர்ஷமும். பிள்ளைகளை கிராமர் பள்ளியில் (தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) சேர்க்க வேண்டும், ஆனால் லண்டன் வேலையை விட முடியாது என்கிற கணக்கில் நம்மவர்கள் சிலர் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார்கள். நானும் அந்தக் கணக்கில் வந்தவன்தான்.

இங்கே எனக்கு வாக்கு உண்டு என்பதே வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய பிறகுதான் அதெல்லாம் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு வருடம் உங்களுக்கு வீணாகக் கூடாது. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

முதல் படி: நீங்கள் எந்தத் தொகுதி?

இது சிரிப்பான கேள்வியாகத் தோன்றும். ஆனால் தபால் முகவரியில் ஆமர்ஷம் என்று இருப்பதால் மட்டும் நீங்கள் இந்தத் தொகுதிக்காரர் ஆகிவிடமாட்டீர்கள். தபால்துறையின் எல்லை வேறு, நாடாளுமன்றத் தொகுதியின் எல்லை வேறு. நாடாளுமன்ற இணையதளத்தில் உங்கள் தபால் குறியீட்டைத் தட்டினால் தொகுதியின் பெயரும் எம்.பி.யின் பெயரும் வந்துவிடும். ஒரு நிமிட வேலை.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 2024 பொதுத் தேர்தலுக்கு முன் நாடு முழுக்க எல்லைகளைத் திருத்தினார்கள். ஒரு தொகுதியில் 69,724க்குக் குறையாமலும் 77,062க்கு மிகாமலும் வாக்காளர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கைச் சரிக்கட்ட, கிரேட் மிஸ்ஸென்டன் பகுதி இங்கிருந்து வெளியே போனது. தெற்கிலிருந்து ஜெரார்ட்ஸ் கிராஸ் உள்ளே வந்தது. பழைய கட்டுரைகளையும் பழைய வரைபடங்களையும் நம்பினால் பக்கத்து எம்.பி.க்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். தன் தொகுதியில் இல்லாதவரின் விவகாரத்தில் எம்.பி.க்கள் தலையிடுவதில்லை என்பது இந்த நாட்டு மரபு. மரபுதான், ஆனால் சட்டத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: ஒரு சனிக்கிழமை ஊரைச் சுற்றிப் பாருங்கள்

தொகுதியைப் புள்ளிவிவரத்தில் தேடாதீர்கள். ரயிலேறி இறங்கிப் பாருங்கள், புரிந்துவிடும்.

செஷமில் தொடங்குங்கள். ரயில் இங்கே 1889இல் வந்தது. லண்டன் பாதாள ரயிலின் நிலையங்களிலேயே நகர மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது இதுதான்: சேரிங் கிராஸிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முந்தைய நிலையமான சால்ஃபன்ட் அண்ட் லாட்டிமருக்கும் இதற்கும் நடுவே 6.26 கிலோமீட்டர். அந்த ரயில் வலையமைப்பில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே இவ்வளவு தூரம் வேறெங்கும் இல்லை. பாதாள ரயில் என்று பெயர், வழியெல்லாம் பீச் மரக்காடு! அரை மணிக்கு ஒரு வண்டிதான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் தேநீர்தான்.

செஷம் ஒரு தொழில் ஊர். பூட்ஸ், பீர், பிரஷ், பாப்டிஸ்ட் என்று நான்கு ‘பி’களால் ஊரை அடையாளம் சொல்வார்கள். காட்டு மரத்திலிருந்து பிரஷ் கட்டையும் மரக்கரண்டியும் செய்தார்கள், தோலில் காலணி தைத்தார்கள், ஆங்கிலத் திருச்சபைக்கு அடங்காத சபைகளில் கூடி ஜெபித்தார்கள். அந்தப் பிடிவாதக் குணம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றே நினைக்கிறேன். புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஹை ஸ்ட்ரீட்டில் சந்தை.

அடுத்து ஆமர்ஷம். இங்கே இரண்டு ஊர் உண்டு. பள்ளத்தில், மிஸ்போர்ன் ஆற்றோரம் இருப்பது ஓல்ட் ஆமர்ஷம். 1682இல் கட்டிய செங்கல் சந்தை மண்டபம் தெருவின் நடுவில் இன்னும் நிற்கிறது. 1892இல் ரயில் வந்தபோது நிலையத்தை மேட்டில் கட்டினார்கள். நிலையத்தைச் சுற்றி முளைத்த புதிய ஊர்தான் ஆமர்ஷம் ஆன் த ஹில். வங்கி, கடை, நூலகம் எல்லாம் மேலே. வீடு பார்க்கப் போகும்போது ‘ஆமர்ஷம்’ என்று தரகர் சொன்னால் மேலா கீழா என்று கேளுங்கள். தினமும் அந்த ஏற்றத்தை ஏறி ரயில் பிடிக்கப்போவது நீங்கள்தான்.

ரயில் கம்பெனி 1915இல் இந்தப் பக்கத்துக்கு ‘மெட்ரோலேண்ட்’ என்று பெயர் வைத்து, கிராமத்தில் வீடு, நகரத்தில் வேலை என்று ஆசை காட்டி விளம்பரம் செய்தது. லிட்டில் சால்ஃபன்ட் போன்ற இடங்களில் நீங்கள் பார்க்கும் முன்தோட்டம் வைத்த வீடுகள் அந்த அலையில் வந்தவை. பிறகு நகரம் பரவாமல் தடுக்கும் பசுமை வளையச் சட்டங்கள் வந்து கோடு போட்டன. சில்டர்ன் குன்றுகளை 1965இல் பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதியாக அறிவித்தார்கள். ஆகவே ஒரு தெரு முடிந்த இடத்தில் பட்டென்று வயல் தொடங்குகிறது. நம் ஊரைப் போல நகரம் மெல்ல மெல்லக் கரைந்து கிராமமாவதில்லை. இந்தத் தொகுதியின் அரசியல் பெரும்பாலும் இந்தக் கோட்டைச் சுற்றித்தான் ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வீட்டு விலை எட்டாத உயரத்தில் இருப்பதற்கும் அதே கோடுதான் ஒரு காரணம். அதைப் பற்றி இங்கே சத்தமாகப் பேசுகிறவர்கள் குறைவு.

சால்ஃபன்ட் செயின்ட் ஜைல்ஸ், சால்ஃபன்ட் செயின்ட் பீட்டர், ஜெரார்ட்ஸ் கிராஸ் மூன்றையும் காரில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். முதலாவதில், 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது கவிஞர் மில்டன் வந்து தங்கிய குடிசை வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜெரார்ட்ஸ் கிராஸ் பணக்கார ஊர். அங்கே ரயில் பாதைக்கு மேல் சுரங்கம் கட்டி அதன்மேல் ஒரு சூப்பர் மார்க்கெட் எழுப்பப் போனார்கள். 2005 ஜூன் 30 அன்று அந்தச் சுரங்கம் இடிந்து தண்டவாளத்தின் மேல் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. கடை திறக்க 2010 ஆனது. புதிய கட்டுமானம் என்றால் உள்ளூர்க்காரர்கள் புருவம் உயர்த்துவது ஏன் என்று கேட்டால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள்.

மூன்றாம் படி: எதற்கு யாரிடம் போவது

வந்த புதிதில் நான் குப்பை எடுக்காததற்கு எம்.பி.க்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மிகப் பணிவான பதில் வந்தது, ‘இது கவுன்சில் வேலை’ என்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குப்பை, சாலைப் பள்ளம், பள்ளிச் சேர்க்கை, வீடு கட்ட அனுமதி, கவுன்சில் வரி, முதியோர் பராமரிப்பு எல்லாம் பக்கிங்ஹாம்ஷயர் கவுன்சில். 2020 ஏப்ரலுக்கு முன் மாவட்டத்துக்கு ஒன்று, பல மாவட்டங்கள் சேர்ந்த கவுன்ட்டிக்கு ஒன்று என்று இரண்டு அடுக்கு இருந்தது. இப்போது ஒன்றுதான். 2025 மே தேர்தலில் உறுப்பினர் எண்ணிக்கையையும் 147லிருந்து 97 ஆகக் குறைத்துவிட்டார்கள், அதனால் உங்கள் கவுன்சிலரின் வட்டாரம் முன்பைவிடப் பெரியது. இதற்குக் கீழே டவுன் கவுன்சில் அல்லது பாரிஷ் கவுன்சில் உண்டு. பூங்கா, விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம் மாதிரியானவை அவர்கள் பொறுப்பு. நம் ஊராட்சி மன்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிகாரம் அதைவிடக் குறைவு. காவல்துறை தேம்ஸ் வேலி போலீஸ்.

ரயில் விஷயம்தான் வேடிக்கை. மெட்ரோபாலிடன் லைனை ஓட்டுவது லண்டன் மேயரின் கீழுள்ள போக்குவரத்து அமைப்பு. ஆனால் நாம் லண்டனுக்கு வெளியே இருப்பதால் மேயர் தேர்தலில் நமக்கு வாக்கில்லை. கட்டணம் கூடினால் முணுமுணுக்கலாம், அவ்வளவுதான். காரில் லண்டன் எல்லைக்குள் போனால், புகை விதியைப் பூர்த்தி செய்யாத பழைய வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து அந்த எல்லை லண்டன் முழுதுக்கும் விரிந்துவிட்டது. ஹாரோவுக்கு முருங்கைக்காய் வாங்கப் போகிறவர்கள் வண்டியின் பதிவெண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் ரயிலில் போங்கள்.

மருத்துவமனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆமர்ஷமில் மருத்துவமனை உண்டு, ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவு கிடையாது. நடுராத்திரி ஆபத்துக்குப் போகவேண்டியது ஐல்ஸ்பரியில் உள்ள ஸ்டோக் மாண்டவில். ஜெரார்ட்ஸ் கிராஸ்காரர்களுக்கு ஸ்லவ் பக்கத்தில் வெக்ஸம் பார்க். வந்த முதல் வாரமே பாதையைப் பார்த்து வையுங்கள்.

பள்ளி பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், ஆகவே சுருக்கமாக. பக்கிங்ஹாம்ஷயர் இன்னமும் பதினோரு வயதுத் தேர்வு நடத்தும் கவுன்ட்டி. ஆறாம் வகுப்பின் செப்டம்பரில் தேர்வு. 121 எடுத்தால் கிராமர் பள்ளிக்குத் தகுதி. கவுன்ட்டிக்குள் அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளையைத் தானாகவே பதிவு செய்துவிடுவார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களும் தனியார் பள்ளியில் படிக்கிறவர்களும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1624இல் தொடங்கிய டாக்டர் சாலனர்ஸ் பள்ளி ஆமர்ஷமில் இருக்கிறது. பெண்களுக்கான சாலனர்ஸ் லிட்டில் சால்ஃபன்டில். செஷம் கிராமரில் இருபாலரும் படிக்கலாம்.

நான்காம் படி: 2021ஐத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஊரில் யாரிடமாவது அரசியல் பேச வேண்டுமென்றால் இந்த ஒரு தேர்தல் தெரிந்தால் போதும்.

ஆமர்ஷமுக்கு நாடாளுமன்றம் புதிதல்ல. 1832 சீர்திருத்தம் வரும்வரை இந்தச் சின்ன ஊர் தனியாக இரண்டு எம்.பி.க்களை அனுப்பிக்கொண்டிருந்தது. நடைமுறையில் ட்ரேக் என்ற நிலக்கிழார் குடும்பத்தின் கைக்குள் இருந்த தொகுதி அது. சந்தை மண்டபத்தைக் கட்டித் தந்ததும் அதே குடும்பம்தான். மண்டபத்தைப் பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1832இல் அந்தத் தொகுதியே ஒழிந்தது.

இன்றைய தொகுதி 1974இல் உருவானது. முதலில் இயன் கில்மோர், 1992 முதல் ஷெரில் கில்லன், இருவருமே கன்சர்வேடிவ் கட்சி. நாற்பத்தேழு வருடம் கட்சி மாறவே இல்லை. 2019இல் கில்லன் 16,223 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். கோட்டை என்றால் இதுதான் கோட்டை.

2021 ஏப்ரலில் அவர் காலமானார். ஜூன் 17 இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் சாரா கிரீன் 8,028 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். லேபர் கட்சிக்கு மொத்தமே 622 வாக்கு, டெபாசிட் காலி. அன்று நாட்டின் இரண்டாவது பெரிய கட்சிக்கு 622! லேபர் ஆதரவாளர்கள் ‘நம்மால் ஜெயிக்க முடியாது, முடிகிறவருக்குப் போடுவோம்’ என்று சாய்ந்துவிட்டார்கள் என்பதுதான் இதன் பொருள். மறுநாள் லிபரல் டெமாக்ரட் கட்சியின் தலைவர் எட் டேவி நீல நிறச் (கன்சர்வேடிவ் கட்சியின் நிறம்) செங்கல் சுவர் ஒன்றை வைத்து அதைச் சுத்தியலால் தட்டிவிட்டுக் காட்டினார். படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் ‘நீலச் சுவர்’ என்ற பேச்சு அதோடு நிலைத்துவிட்டது.

ஏன் விழுந்தது? எல்லோரும் முதலில் சொல்வது எச்எஸ்2. லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்கு அதிவேக ரயில். இந்தக் குன்றுகளுக்கு அடியில் 16 கிலோமீட்டர் சுரங்கம். ஆனால் தொகுதிக்குள் ஒரு நிலையம்கூடக் கிடையாது. சத்தமும் லாரியும் இவர்களுக்கு, ரயில் வேறு யாருக்கோ. கில்லனும் தன் கட்சி அரசையே எதிர்த்துக்கொண்டுதான் இருந்தார். இதில் ஒரு முரண் உண்டு: லிபரல் டெமாக்ரட் கட்சி நாட்டளவில் இந்தத் திட்டத்தை ஆதரித்த கட்சி. உள்ளூர் வேட்பாளர் எதிர்த்துப் பேசினார், கட்சியின் நிலை வேறாக இருந்தது. எதிர்க்கட்சிகள் அதைச் சொல்லிக் காட்டின, மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கணிப்பில் எச்எஸ்2ஐவிடப் பெரிய காரணம், வீட்டுக் கட்டுமான விதிகளைத் தளர்த்தும் அரசின் திட்டம். நான் முன்னே சொன்ன அந்தக் கோடு அழிந்துவிடும் என்ற பயம். இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்தத் திட்டத்தையே அரசு கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் இந்தப் பகுதி உள்ளேயே இருப்போம் என்ற பக்கம் நின்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கட்சி ஒரு திசையில் போனது, ஊர் வேறு திசையில் நின்றுகொண்டிருந்தது.

2024இல், மாறிய எல்லையோடு, சாரா கிரீன் மறுபடியும் ஜெயித்தார், 5,451 வித்தியாசத்தில். வடக்கு வேல்ஸிலிருந்து வந்தவர், வெல்ஷ் மொழி பேசுகிறவர். சுரங்கம் தோண்டும் இரண்டு இயந்திரங்களும் அதே ஆண்டின் தொடக்கத்தில் மறுமுனையை எட்டிவிட்டன. இனி வெளியே தெரிவது, பெரும்பாலும் பண்ணைக் கொட்டகை போல வேடம் போட்டு நிற்கும் காற்றுப்போக்கிக் கட்டடங்கள்தான். வயல் பக்கம் நடக்கும்போது கண்ணில் படும்.

ஐந்தாம் படி: பெயரைப் பதிவு செய்யுங்கள்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று காமன்வெல்த் நாட்டுக் குடியுரிமை உள்ளவரா? முறையான விசாவோடு இங்கே வசிக்கிறீர்களா? வயது 18 ஆகிவிட்டதா? அப்படியானால் பொதுத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் உங்களுக்கு வாக்கு உண்டு. வேலை விசாவா, மாணவர் விசாவா, துணைவர் விசாவா என்பது பொருட்டல்ல. வந்து ஐந்து வருடம் ஆகவேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரருக்குப் பொதுத் தேர்தலில் வாக்கில்லை, நேற்று வந்த உங்களுக்கு உண்டு. பேரரசு விட்டுவிட்டுப் போன மிச்சங்களில் நமக்கு உபயோகமான ஒன்று.

அரசு இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் பதிவு செய்யலாம். தேசியக் காப்பீட்டு எண் கையில் இருக்கட்டும். பதிவு செய்யும்போதே ‘திறந்த பட்டியல்’ வேண்டாம் என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முகவரியை விளம்பரக்காரர்களும் விலைக்கு வாங்கலாம். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்புவரை அவகாசம் உண்டு. ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கடன் மதிப்பெண்ணுக்கும் நல்லது. வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அதன் அருமை தெரியும்.

இப்போது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். 2023இலிருந்து வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் செல்லும், அதில் பிரச்சினை இல்லை. பெயரில்தான் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும், வங்கியில் இனிஷியலாக இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். எந்த அடையாளத்தைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே பெயரைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், நண்பர்கள் வட்டத்துப் பெயர் எதுவும் வேண்டாம். பொருத்தமான அடையாளம் எதுவுமே இல்லையென்றால் வாக்காளர் சான்றிதழ் ஒன்றை இலவசமாகவே தருகிறார்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆறாம் படி: எம்.பி.யிடம் போவது

எம்.பி. மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு இங்கே ‘சர்ஜரி’ என்று பெயர். குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கும் அதே பெயர். என் நண்பர் ஒருவர் ‘எம்.பி. சர்ஜரி’ என்று பார்த்து, பாவம், அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். கடிதமோ மின்னஞ்சலோ எழுதும்போது முழு முகவரியும் தபால் குறியீடும் முதலில் வரட்டும்; அது இல்லாவிட்டால் திருப்பிக் கேட்பார்கள், ஒரு வாரம் போய்விடும். சலாம் போட வேண்டாம், யாரையும் தெரியும் என்று சொல்லவும் வேண்டாம், கட்சி பார்க்கவும் மாட்டார்கள். நீங்கள் அவருக்கு வாக்களித்தீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடக்கிறதா, வரி அலுவலகத்தில் பெயர் குழம்பிக்கிடக்கிறதா, ஓய்வூதியம் நின்றுவிட்டதா, இதற்கெல்லாம் எம்.பி. அலுவலகம் சம்பந்தப்பட்ட துறையைக் கேட்கும். முடிவை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் கிடப்பில் கிடக்கும் கோப்பு நகரும். வீட்டுக்காரரோடு தகராறு, நீதிமன்ற வழக்கு போன்றவற்றில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இன்னொரு உபயோகம்: எம்.பி. அலுவலகம் மூலமாக நாடாளுமன்றக் கட்டடத்தை இலவசமாகச் சுற்றிப்பார்க்க இடம் கேட்கலாம். சீக்கிரமே கேட்டு வையுங்கள்.

ஏழாம் படி: வாக்களிக்கும் நாள்

வியாழக்கிழமையாக இருக்கும். விடுமுறை கிடையாது. காலை ஏழு முதல் இரவு பத்து வரை, ஆகவே ரயிலில் போகிறவர்கள் போகும்போதோ வரும்போதோ போட்டுவிடலாம். முடியாது என்று தோன்றினால் தபால் வாக்குக்கு முன்பே விண்ணப்பியுங்கள். வீட்டுக்குத் தபாலில் வந்த வாக்காளர் அறிவிப்பு அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடையாளம் இல்லாவிட்டால்தான் திருப்பி அனுப்புவார்கள்.

சாவடி என்பது பெரும்பாலும் கிராமக்கூடமோ சர்ச் மண்டபமோ பள்ளியோதான். வாசலில் போலீஸ் கூட்டம் இருக்காது, நாய்கள் கட்டப்பட்டிருக்கும். உள்ளே இயந்திரம் கிடையாது, விரலில் மை கிடையாது. ஒரு நீளமான தாள், ஒரு பென்சில். பிடித்தவர் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட வேண்டும். பென்சில் என்றதும் எனக்கும் முதல் தடவை சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்தால் பாக்கெட்டில் பேனா கொண்டுபோங்கள், அதில் போட்டாலும் செல்லும்.